பாங்காக்... அந்தப் பக்கமும் போங்க!

'பாங்காக் போறேன்' என்று கிளாஸில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மார்க்கமான சிரிப்பு வரும். 'நடத்து மாமு' என்று முதுகில் ஒரு தட்டு வேறு. சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடுகிற ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பட்டாயா, மசாஜ், மாலில் பேரம் பேசி வாங்கின டூப்ளிகேட் வாட்ச்!

நான் சொல்லப் போறது வேற ரூட் பாஸ். ஒரு நாள் போதும். செலவும் ரொம்பக் கம்மி. இந்த ரூட்டில் பார்க்க வேண்டிய முக்கியமான இடத்தைப் பார்க்கவே முடியாது என்பதுதான் இதில் விசேஷம்!

செமஸ்டர் லீவில் நான் போய் இறங்கியது சிலோம் ரோட்டில். அம்மாவின் தம்பி அங்கே பல வருஷமாகக் கல் வியாபாரத்தில் இருக்கிறார். (கல்லுன்னா ஜல்லி இல்லீங்க... நீலக்கல், மாணிக்கம்!) அந்த ஏரியாவில் தமிழ் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கொஞ்ச தூரம் நடந்தால் மகா மாரியம்மன் கோயில். 19-ம் நூற்றாண்டில் நம்ம ஊரிலிருந்து போனவர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். கையில் சாமந்தி மாலையோடு நம்மைவிட அவர்கள்தான் அதிகமாக வரிசையில் நிற்கிறார்கள்.

"ஊரைச் சுத்திப் பாரு, நல்லா சாப்பிடு. அரசியல் மட்டும் ரோட்டுல பேசாதே மாப்ளே" என்றார் மாமா. அப்படிச் சொன்னால் நமக்கு எதில் ஆசை வரும்? அதில்தானே!

முதல் ஸ்டாப், ராட்சடம்னோன் அவென்யூவில் இருக்கிற ஜனநாயக நினைவுச் சின்னம். ரவுண்டானா நடுவில் வானத்தைப் பார்த்து நிற்கும் நாலு பெரிய இறக்கைகள். நடுவே ஒரு மேடை, அதன் மேல் தட்டில் வைத்த அரசியலமைப்புச் சட்டப் புத்தகம். புதிர் பிரியர்களுக்கு இந்த இடம் செம தீனி. 1932 ஜூன் 24-ம் தேதி மன்னராட்சியை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் ஒவ்வொரு இறக்கையும் 24 மீட்டர் உயரம். தாய் காலண்டரில் அந்த வருஷம் 2475. அதனால் சுற்றிலும் 75 பீரங்கிக் குழாய்கள் பாதி புதைந்து நிற்கின்றன. அப்போது அவர்களுக்கு ஏப்ரலில்தான் புது வருஷம், ஜூன் மூணாவது மாசம். அதனால் நடு மேடை 3 மீட்டர். 1940-ல் இதைத் திறந்துவைத்தவர் யார் தெரியுமா? பீபுன் என்கிற ராணுவத் தலைவர். ஜனநாயகத்துக்குச் சிலையும் ராணுவமே வைக்கும் ஊர்!

தாய் மொழியில் நமக்குப் புரிகிற வார்த்தைகள் நிறைய உண்டு. நாடாளுமன்றத்துக்கு 'ரட்டசபா' என்று பேர். ராஷ்டிர சபாதான். ராணுவப் புரட்சிக்கு 'ரட்டப்பிரஹான்'. ராஷ்டிரத்தின் மேல் பிரஹாரம், அதாவது அடி. 1932-க்குப் பிறகு ஜெயித்த ராணுவப் புரட்சிகளை எண்ணுகிறவர்கள் 2014-ல் நடந்ததை 12-வது என்கிறார்கள். இந்த ரூட் அந்தப் பன்னிரண்டாவது அடியைப் பற்றியதுதான்.

இங்கிருந்து டுசிட் பக்கம் போங்கள். டாக்ஸிக்காரரிடம் 'ராயல் பிளாசா' என்றால் போதும். மன்னர் சுலாலங்கோர்ன் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற சிலை, அதற்குப் பின்னால் இத்தாலி மார்பிளில் இழைத்த அனந்த சமாகம் சிம்மாசன மண்டபம். உள்ளே போய்ப் பார்க்கிற திட்டமெல்லாம் வேண்டாம். 2017-க்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கு அது மூடிய கதவு. வெளியே நின்று தரையைப் பாருங்கள். 1932-ல் விடியற்காலையில் புரட்சி அறிவிப்பைப் படித்த இடத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். 2017 ஏப்ரலில் அது காணாமல் போனது. வேறு வாசகத்தோடு புதுசாக ஒன்று அங்கே முளைத்தது.

காணாமல் போன இன்னொன்றும் உண்டு. அந்த மார்பிள் மண்டபத்துக்குப் பின்னால் 1974-லிருந்து தாய்லாந்து நாடாளுமன்றக் கட்டடம் இருந்தது. 2018 முடிவில் அங்கிருந்து கிளம்பினார்கள். இடம் அரண்மனை வசம் திரும்பிப் போனது. நான் பார்க்க வந்ததே அந்தக் கட்டடத்தைத்தான். 2015 ஜனவரி 23-ம் தேதி, வெள்ளிக்கிழமை, அங்கேதான் யிங்லக் ஷினவத்ராவுக்குத் தீர்ப்பு சொன்னார்கள்.

யிங்லக்கை ஞாபகம் இருக்கா? தாய்லாந்தின் முதல் பெண் பிரதமர். 2006-ல் ராணுவம் கவிழ்த்த தக்சினின் தங்கை. 2011 ஜூலை தேர்தலில் 500 இடங்களில் 265 இடங்களை அவர் கட்சி பிடித்தது. பிரசாரத்தில் சொன்னபடியே ஒரு நெல் திட்டம் கொண்டுவந்தார். விவசாயியிடம் டன் 15,000 பாத் என்று அரசே நெல்லை எடுத்துக்கொள்ளும். அன்றைய சந்தை விலையைவிட இது ரொம்ப அதிகம். அரிசியைக் குடோனில் வைத்திருந்தால் உலக மார்க்கெட்டில் விலை ஏறும், அப்போது விற்றுக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால், அந்தக் கணக்கை உடைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. 2011 செப்டம்பரில் இந்தியா பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதித் தடையை எடுத்துவிட்டது. 2012-ல் உலகின் நம்பர் ஒன் அரிசி ஏற்றுமதி நாடு என்ற இடம் தாய்லாந்திடமிருந்து நம்மிடம் வந்தது. அங்கே குடோனில் மூட்டைகள் தேங்கின. 2014 தொடக்கத்தில் நெல் கொடுத்த விவசாயிகளுக்கே மாசக்கணக்கில் பணம் வரவில்லை. பாங்காக்குக்கு டிராக்டரில் கிளம்பினார்கள். தற்கொலைச் செய்திகளும் வந்தன.

ஆக, கேஸ் சும்மா ஜோடித்தது இல்லை. விவசாயிக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. யார் அந்தப் பதிலைச் சொன்னார்கள் என்பதில்தான் சிக்கல்.

தேதிகளை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 2013 டிசம்பரில் போராட்டங்களுக்கு நடுவே யிங்லக் சபையைக் கலைத்து, காபந்துப் பிரதமராக நின்றார். 2014 மே 7-ம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு அதிகாரியை இடமாற்றம் செய்த வழக்கில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மறுநாள் மே 8. நெல் திட்டத்தில் கடமை தவறினார் என்று ஊழல் தடுப்பு கமிஷன் முடிவெடுத்து, விஷயத்தை செனட்டுக்கு அனுப்பத் தயாரானது. அன்றைய சட்டப்படி அதுதான் சரியான வழி. இரண்டே வாரம். மே 22-ம் தேதி ஜெனரல் பிரயுத் சான்-ஓ-சா டி.வி-யில் வந்தார். அரசியல் சட்டம் போச்சு. இரண்டு நாளில் செனட்டும் போச்சு.

அந்தக் காலி இடத்தில் 'தேசிய சட்டமன்றம்' என்று ஒரு சபையை உட்கார வைத்தார்கள். ஜூலை கடைசியில் வந்த பட்டியலில் 200 பேர். பாதிக்கு மேல் ராணுவ அதிகாரிகள், பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும். பிரயுத்தின் சொந்தத் தம்பி ப்ரீச்சாவும் ஒரு உறுப்பினர்! ஆகஸ்ட் 21-ம் தேதி இதே சபை புதிய பிரதமரைத் தேர்ந்தெடுத்தது. போட்டியில் ஒரே ஒரு பெயர். பிரயுத். எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை.

அப்புறம் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து யிங்லக்கை விசாரித்தார்கள்.

ஜனவரி 9-ம் தேதி அவர் நேரில் வந்தார். பறிக்க என்னிடம் எந்தப் பதவி இருக்கிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. நியாயமான கேள்விதான். சபையைக் கலைத்தாச்சு, கோர்ட் இறக்கியாச்சு, ராணுவம் வந்தாச்சு. இல்லாத பிரதமரை, கிழித்துப் போட்ட அரசியல் சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்துப் பதவி நீக்கம் செய்ய வேண்டும். ஊரில் அப்போது ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. அப்போது 220 பேராக இருந்த சபையில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 132 ஓட்டு தேவை. விழுந்தது 190. எதிர்த்து 18. ஐந்து வருஷம் அரசியலுக்குத் தடை. அதே நாளில் அரசு வழக்கறிஞர் தரப்பு கிரிமினல் வழக்கையும் அறிவித்தது. சாயங்காலம் யிங்லக் நடத்துவதாக இருந்த பிரஸ் மீட், ராணுவம் வேண்டாம் என்றதால் நடக்கவில்லை. பேச வேண்டியதை ஃபேஸ்புக்கில்தான் எழுதினார்.

ராத்திரி சாப்பாட்டின்போது இதையெல்லாம் மாமாவிடம் கொட்டினேன். வீட்டுக்குள்தானே, பேசலாம் இல்லையா?

மாமா டாம் யாம் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார். "உனக்கு 2014 தெரியுமா மாப்ளே? ஜனவரி 13-லேர்ந்து பாங்காக் ஷட்டவுன். இதோ இந்த சிலோம் பக்கத்துலயே மேடை போட்டு உட்கார்ந்துட்டாங்க. கடைக்கு ஒருத்தன் வரலை. ஆர்மி வந்த அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல ஊரடங்கு. ஆனா, நான் நிம்மதியாத் தூங்கினேன்."

"தூங்கினீங்க சரி மாமா, தீர்ப்பு நியாயமா?"

"அரிசியில தப்பு நடந்துச்சா, இல்லையா? நடந்துச்சு. அவங்க ஆளுங்களே பெரும்பான்மையா இருந்த சபையில அவங்களை யார் விசாரிச்சிருப்பா? திருடனைப் பிடிச்சவன் யூனிஃபார்ம் போட்டிருந்தா என்ன, லுங்கி கட்டியிருந்தா என்ன?"

இதை லேசில் ஒதுக்க முடியாது. ஜெயித்த கட்சி தன் ஆளைத் தானே காப்பாற்றிக்கொள்வது உலகம் பூரா நடப்பதுதான். மாமா இன்னொரு குண்டும் போட்டார். அதே ஜனவரி 23-ம் தேதி, அதே சபைக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். முன்னாள் சபாநாயகர் சோம்சக், செனட்டின் முன்னாள் தலைவர் நிகோம். யிங்லக் பக்கத்து ஆட்களாகவே பார்க்கப்பட்டவர்கள். அவர்களை நீக்கத் தேவையான ஓட்டு விழவில்லை. தப்பித்தார்கள். "பொம்மைச் சபைன்னா மூணு பேரையும் சேர்த்து முடிச்சிருக்க மாட்டானா?" என்றார்.

சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் படகில் போகும்போதுதான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த இருவர் மேல் இருந்த குற்றச்சாட்டு, செனட்டை முழுக்கத் தேர்தல் மூலம் அமைக்க அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார்கள் என்பது. அந்த அரசியல் சட்டத்தையே ராணுவம் தூக்கிப் போட்டுவிட்ட பிறகு, அதைத் திருத்தப் பார்த்தவரை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? யிங்லக் கதை அப்படி இல்லை. 'நாங்கள் வந்ததே நாட்டைக் காப்பாற்ற' என்று சொல்லித்தான் டாங்கியை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று ஆகிவிட்டால், 'அப்புறம் நீங்க எதுக்கு வந்தீங்க?' என்று கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும். அவர் குற்றவாளியாக இருந்தால்தான் அந்தச் சபை இருப்பதற்கே அர்த்தம். இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஃபைலை வரிவரியாகப் படித்தவராகவும் இருக்கலாம். அந்தச் சபையின் தலைவரே முன்னாள் நீதிபதிதான். ஆனாலும் 'இவர் நிரபராதி' என்று சொல்கிற சுதந்திரம் அந்த நாற்காலிக்குக் கிடையாது. கூடவே இதையும் பாருங்கள். ஆட்சியைப் பிடித்த செயலுக்கு, இடைக்கால அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு போட்டுத் தங்களுக்குத் தாங்களே மன்னிப்பு கொடுத்துக்கொண்டார்கள். பிரிவு 48. கவிழ்த்தவருக்கு மன்னிப்பு, கவிழ்ந்தவருக்கு விசாரணை!

நம்ம காலேஜ் பாஷையில் சொல்றேனே. உங்களை ஹாஸ்டலை விட்டுத் துரத்திவிட்டு, உங்க ரூமில் குடியேறினவரே என்கொயரி கமிட்டி போடுகிறார். மெம்பர் லிஸ்ட்டில் அவர் தம்பி. நீங்க உண்மையிலேயே மெஸ் பில் கட்டாதவராகக்கூட இருக்கலாம். ஆனா, அந்த கமிட்டி ரிப்போர்ட்டை நீங்க மதிப்பீங்களா?

எங்க லேபில் மல்ட்டிமீட்டரை எடுத்ததும் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுப் பார்ப்போம். ஜீரோ காட்ட வேண்டும். காட்டாத மீட்டரில் எடுத்த ரீடிங் தற்செயலாகச் சரியாகவே இருந்தாலும் ரெக்கார்ட் நோட்டில் எழுதினால் சார் கையெழுத்துப் போட மாட்டார். தாய்லாந்து விஷயத்தில் எத்தனை எரர் என்றுகூட ஓரளவு கணக்குப் போட முடிகிறது. 2016-ல் பிரயுத் அரசு கோர்ட்டுக்குப் போகாமலே, நிர்வாக உத்தரவு மூலம், நெல் திட்ட நஷ்டத்துக்கு யிங்லக் 3,570 கோடி பாத் கட்ட வேண்டும் என்றது. சொத்துகளில் கை வைக்கவும் வழி செய்துகொண்டது. வழக்கு நீண்டது. 2025 மே 22-ம் தேதி, ராணுவம் வந்து சரியாகப் பதினொரு வருஷம் ஆன நாளில், உச்ச நிர்வாக நீதிமன்றம் வேறு தொகை சொன்னது. சுமார் 1,000 கோடி பாத்!

பூஜ்யம் இல்லை, கவனியுங்கள். கோர்ட்டும் அவரைச் சுத்தம் என்று சொல்லவில்லை. அரசுக்கு அரசு விற்கிறோம் என்ற பெயரில் நடந்த போலி அரிசி வியாபாரத்தைத் தடுக்காமல் விட்டார் என்பதே குற்றம். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்வாதிகளுக்கான பிரிவு ஐந்து வருஷ ஜெயில் தண்டனை கொடுத்ததும் அதற்குத்தான். அந்தப் போலி வியாபாரத்தில் நேரடியாக மாட்டிய முன்னாள் வர்த்தக அமைச்சர் பூன்சோங்குக்கு 42 வருஷம். அவர் ஜெயிலுக்குப் போன 2017 ஆகஸ்ட் 25-ம் தேதிதான் யிங்லக்குக்கும் தீர்ப்பு நாள். நகரின் வடக்கே சேங் வட்டனா ரோட்டில் கோர்ட் வாசலில் ஆதரவாளர்கள் ரோஜாப் பூவோடு காத்திருந்தார்கள். அம்மணி வரவில்லை. நாட்டைவிட்டே போய்விட்டார்.

"தப்பு பண்ணலைன்னா எதுக்கு ஓடணும்?" இது மாமா. பல தாய்லாந்துக்காரர்களும் இதையே கேட்கிறார்கள். அங்கே இருந்தது ராணுவம் நியமித்த சபை இல்லை, வழக்கமான நீதிபதிகள்தான். அந்தத் தீர்ப்பை மதிக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பாருங்கள், 2015-ல் அந்தச் சபை முதலில் மூக்கை நுழைத்ததால், பின்னால் வந்த நிஜமான நீதிபதி சொன்னதையும் பாதி ஊர் நம்ப மாட்டேன் என்கிறது. போலி வியாபாரத்தில் யார் யார் பாக்கெட்டுக்குப் பணம் போனது என்று விவசாயிக்குத் தெரிய வேண்டிய விஷயம், 'எங்காளு, உங்காளு' சண்டையில் காணாமல் போச்சு. எனக்குக் கோபம் இதில்தான்.

இன்னொரு தகவலும் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 மே 7-ல் அவர் பதவி போனது ஒரு அதிகாரியை இடமாற்றம் செய்ததற்காக என்றேன் இல்லையா? அதே இடமாற்றம் கிரிமினல் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2023 டிசம்பர் 26-ம் தேதி குற்றமில்லை என்று விடுவித்துவிட்டார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்காக ஷட்டவுனை நான் மறந்துடணுமா?" என்றார். மறக்கச் சொல்லவில்லை மாமா என்றேன். சூப்பு ஆறிப்போயிருந்தது.

இப்போது படகுப் பயணம். டுசிட்டிலிருந்து சாவ் பிரயா நதிப் பக்கம் இறங்கி, வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் படகில் ஏறிக்கொள்ளுங்கள். டிக்கெட் படகிலேயே கொடுப்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் அம்மா கையில் இருக்கிற தகர உருளையை 'டக் டக்' என்று தட்டிக்கொண்டு வருவது நம்ம டவுன் பஸ்ஸை ஞாபகப்படுத்தும். கியாக் காய் பகுதி வரும்போது கரையோரமாக ஒரு பிரமாண்டக் கட்டடம், உச்சியில் தங்க நிறக் கோபுரம். இதுதான் புது நாடாளுமன்றம். உலகத்திலேயே பெரிய நாடாளுமன்றக் கட்டடங்களில் ஒன்று. ராணுவம் நியமித்த 250 செனட்டர்கள், பிரதமரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டுரிமையோடு உட்கார்ந்திருந்தது இங்கேதான். 2023 தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சியின் தலைவர் பீட்டா பிரதமராக முடியாமல் போனதற்கு அவர்களும் ஒரு காரணம். 2024 மே மாதம் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனநாயகச் சின்னத்துக்குச் சாயங்காலம் போங்கள், விளக்கு போட்டதும் இறக்கைகள் சூப்பராக இருக்கும். ரவுண்டானாவைக் கடக்கும்போது உயிர் பத்திரம், டிராஃபிக் நம்ம ஊர் மாதிரிதான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 1973 அக்டோபர் 14 போராட்டத்தில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அந்தப் போராட்டத்தைத் தொடங்கியவர்கள் நம் வயசு ஸ்டூடன்ட்ஸ். ராயல் பிளாசா பக்கம் காவலுக்கு நிற்பவர்களைப் போட்டோ எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் காப்பி ஒன்று பையில் இருக்கட்டும். பசித்தால் ரோட்டோரத்தில் மாம்பழமும் தேங்காய்ப் பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் கிடைக்கும். விற்கிற அக்காவிடம் அரிசி எந்த ஊர் என்று கேட்டேன். வடக்கே சியாங் ராய், எங்க அப்பா வயல் பக்கம் என்று சைகையும் இங்கிலீஷுமாகச் சொன்னார். 2014-ல் பணம் வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் மாமா முறைத்தார். இன்னொரு பிளேட் வாங்கிக்கொண்டேன்.